கிட்னி கொடுக்கப் போனவனின் பிரஷர்

எனக்கு எந்த வருத்தமும், அதாவது எந்த நோயும், இல்லை என்று எழுதி வாங்கத்தான் கண்டிக்குப் போனேன். மருத்துவமனை நடைபாதையில் வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள். நான் மட்டும் சுகதேகி. கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்திருந்தேன்.

என் தங்கை ரிஸ்வானாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. கலேவெலையில் வாழ்க்கைப்பட்டவள் அவள். வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்கு வந்து டயாலிசிஸ் (இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் சிகிச்சை) செய்துகொண்டிருந்தாள். அவளுடைய கணவருக்குச் சர்க்கரை வியாதி. அவரிடமிருந்து எடுக்க முடியாது. உம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. எங்களோடு பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. என் இரத்தம் அவளுடையதோடு பொருந்தியது.

"என்னட ரெண்டுல ஒண்டு ஒனக்கு" என்று நான் சொன்ன அன்று அவள் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்லதாப் பாத்துத் தாங்க நானா, யாவாரிப் புத்தியக் காட்டிப் பழசத் தள்ளிவிட வாணாம்" என்றாள். அண்ணனை எங்களில் நானா என்போம்.

நான் வியாபாரிதான். மாத்தளையில் எங்களுக்கு ஒரு சரக்குக் கடை இருக்கிறது. மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய், ஒரு பக்கம் நாட்டு மருந்துச் சாமான்கள். எந்தச் சரக்கையும் முகர்ந்து, கடித்து, உடைத்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அன்று என்னையும் அப்படித்தான் சோதித்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். கடைசியில் ஒரு தாதி என் மேற்கையில் துணிப்பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்தார். மற்றக் கையில் சுற்றிப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் வெளிய இருந்துட்டு வாங்க" என்றார்.

இருந்துவிட்டு வந்தேன். மேலே நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்று நான்கு. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. தாதியின் முகத்தைப் பார்த்தபோது சரக்கு நிராகரிக்கப்படப் போகிறது என்று மட்டும் தெரிந்தது.

சிறுநீரக வைத்தியர் நடுவயதுப் பெண்மணி. சிங்களத்தில்தான் பேசினோம், அவர் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். "ஒரு நாள் பாத்து முடிவு செய்ய ஏலாது. பயத்திலயும் ஏறும். ஆனா இது உண்மையிலேயே இவ்வளவு எண்டா, உங்கட கிட்னிய எடுக்க மாட்டன்" என்றார்.

"என்ன டொக்டர், எனக்கு ஒரு தலையிடி கூட இல்லையே?"

"உங்கட தங்கச்சிக்கும் இருக்கல்லயே."

ரிஸ்வானாவுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷர் ஏறியது. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் அவள் சுகமாக நடமாடினாள். கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எதுவும் நோகவில்லை என்பதால் போகவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு காலையில் முகம் ஊதத் தொடங்கியது. சிறுநீர் நுரைத்தது. அப்போது பார்த்தால் சிறுநீரகங்கள் சுருங்கிப் போயிருந்தன. பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுத்ததா, சிறுநீரகம் கெட்டதால் பிரஷர் ஏறியதா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே போகுமாம்.

"பிரஷர் நோவாது. நொந்தா எல்லாரும் நேரத்தோட வந்திருவாங்களே" என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இந்த எண்கள் பழகிப்போயிருக்கும். மாத்திரைப் பெட்டியோடு வாழ்கிறவர்கள் நீங்கள். ஆனால் அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? எனக்கு அதைக் கேட்காமல் அங்கிருந்து எழும்ப மனமில்லை. எடை போடத் தெரியாத சாமானை நான் வாங்கியதில்லை.

வைத்தியர் சலிக்காமல் விளக்கினார். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக் குழாயின் சுவரில் விழும் அழுத்தம்தான் மேல் எண். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் தளர்ந்திருக்கும்போதும் அந்தச் சுவரில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். முன்பெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசம் எத்தனை மில்லிமீற்றர் உயர்கிறது என்று பார்த்து அளந்தார்கள். கருவி மாறினாலும் அந்தக் கணக்கே நிலைத்துவிட்டது. உட்கார்ந்து, ஓய்வெடுத்து, வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேலே நூற்று நாற்பதோ கீழே தொண்ணூறோ அதற்கு மேலோ இருந்தால், பொதுவாக அதை உயர் இரத்த அழுத்தம் என்பார்கள். ஒரு தரம் ஏறி இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். படி ஏறினால் ஏறும், கோபப்பட்டால் ஏறும். இறங்க வேண்டிய நேரத்திலும் இறங்காமல் நிற்பதுதான் நோய்.

கீழ் எண்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இதயம் இளைப்பாறும் நேரத்திலும் குழாய்க்கு இளைப்பாறல் கிடையாது. பிறந்த நாளிலிருந்து ஒரு நொடிகூட அந்தச் சுவர் சும்மா இருந்ததில்லை. சிறுநீரகம் என்பது மயிரைவிட மெல்லிய குழாய்களின் முடிச்சு என்றும், அதனால்தான் கூடுதல் அழுத்தத்தில் அது சீக்கிரம் நைந்து போகிறது என்றும் வைத்தியர் சொன்னார். மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தேன். பக்கத்திலிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

புறப்படும் முன் வைத்தியர் வழமையான கேள்விகளைக் கேட்டிருந்தார். ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா? இல்லை. நோவுக்குப் போடும் குளிசை? இல்லை. நாட்டு மருந்து? "விக்கிறதோட சரி டொக்டர், நான் குடிக்கிறல்ல" என்றேன். அவர் சிரித்தார். நான் பொய் சொல்லவில்லை. என் மனமறிய அதுதான் உண்மை. உப்பைக் குறைத்து, நடந்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். கைப்பிரஷர் கருவி ஒன்று வாங்கி வீட்டில் அளக்கவும் சொன்னார்.

அந்த ஒரு மாதமும் நான் காட்டிய ஒழுக்கத்தை நோன்பு மாதத்தில்கூடக் காட்டியதில்லை. கருவாடு போனது. மாசிச் சம்பல் போனது. ஊறுகாய்ப் போத்தலை மனைவி பரீனா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்ததும் நடந்தேன்.

கூடவே என் சொந்த வைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டேன். வாப்பா காலத்தில் இதை இரத்தக் கொதிப்பு என்பார்கள். கொதிக்கிறது என்றால் குளிரவைக்க வேண்டும் அல்லவா? எங்கள் தொழிலில் சரக்குகளைச் சூடு, குளிர்ச்சி என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம். குளிர்ச்சியில் முதலிடம் அதிமதுரத்துக்கு. பரீனாவிடம் சொல்லி, கொத்தமல்லியோடு அதிமதுரத்தை இடித்துப் போட்டு அவிக்கச் செய்து, காலையும் மாலையும் ஒரு கோப்பை குடித்தேன். அதை மருந்து என்று நான் நினைக்கவில்லை; தேத்தண்ணிக்குப் பதிலாகக் குடிப்பது, அவ்வளவுதான். வாயிலும் வழமைபோல ஒரு துண்டு இருந்தது. மிளகாயும் மிளகும் அரைத்துச் சலிக்கும் இடத்தில் தூசி தொண்டையைப் பிடுங்கும். அதற்காகச் சிலர் வெற்றிலை போடுவார்கள், சிலர் கராம்பை அடக்கிக்கொள்வார்கள். நான் வெற்றிலையை விட்ட நாளிலிருந்து கன்னக் கொடுப்புக்குள் அதிமதுரம்தான். கரைந்தால் அடுத்த துண்டு.

வீட்டில் அளப்பது ஒரு கூத்து. முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் எனக்கு முடிந்தது.

"இந்த மனிசன் ஒரு நிமிசம் வாயப் பொத்திட்டு ஈந்தாத்தானே!" என்பாள் பரீனா. "பேசினா ஏறுது எண்டு டொக்டர் சொல்லித்தானே ஈக்கிது."

"எவ்வளவு ஏறுது எண்டு பாக்கத்தான் பேசினன்."

அது பொய்யல்ல. பேசாமல் ஒரு தரமும் பேசிக்கொண்டு ஒரு தரமும் அளந்து பார்த்தேன்; உண்மையாகவே ஏறியது. கால் மேல் கால் போட்டுப் பார்த்தேன், அதற்கும் ஏறியது. கடைக்குக் கருவியைக் கொண்டுபோய், வருகிறவர் போகிறவர் கையெல்லாம் சுற்றினேன். எதிர்க்கடை புடவைக்காரருக்கு என்னைவிட அதிகம். அவர் சிரித்துத் தட்டிக் கழிக்கப் பார்த்தார். என் தங்கையின் கதையைச் சொன்னதும் அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனார்.

ஆனால் எப்படி அளந்தாலும், வாயை மூடிக்கொண்டு அளந்தாலும், என் எண் இறங்கவில்லை. உப்பில்லாத சோற்றைத் தின்றுவிட்டு ஏறிய எண்ணைப் பார்ப்பது வயிற்றெரிச்சலாக இருந்தது. கெண்டைக்கால் அடிக்கடி பிடித்து இழுத்தது. மாலையில் செருப்பு இறுகியது. நடந்ததால் வந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் கண்டிக்குப் போன நாள் ரிஸ்வானாவின் டயாலிசிஸ் நாளும்தான். அது முடிந்து, கையில் கட்டோடு, வைத்தியரின் அறைக்குள் என்னோடு வந்து உட்கார்ந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. இயந்திரத்திலிருந்து எழும்பும் நாட்களில் அவளுக்குப் பேசக்கூடச் சத்து இருக்காது. அவளுடைய கையில் ஊசி ஏற்ற இன்னும் எத்தனை நாள் நல்ல இடம் இருக்கும் என்று வைத்தியர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

என் எண் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. வைத்தியர் பேனையை மூடி வைத்தார்.

"நான் நேராச் சொல்றன். இந்த நிலையில உங்ககிட்ட எடுத்தா, தங்கச்சிக்குக் குடுத்திட்டு நீங்க அவங்கட டயாலிசிஸ் கதிரைக்கு வருவீங்க. வேற ஆள் தேடுங்க."

வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டுக் கையை விரிக்கிறவனைப் போல உணர்ந்தேன். ரிஸ்வானாதான் முதலில் பேசினாள். "பரவால்ல நானா. நீங்க மொதல்ல சொகமாகுங்க" என்றாள். அந்தப் பரவாயில்லை என்னை உடைத்துவிட்டது.

வைத்தியர் அன்று வந்திருந்த என் புதிய இரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துப் பார்த்தார். அவருடைய புருவம் நெளிந்தது. பொட்டாசியம் (தசையும் இதயமும் சீராக இயங்கத் தேவையான ஓர் உப்புச் சத்து) எனக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. கால் பிடித்து இழுக்கிறதா என்று கேட்டார். ஆமாம். கணுக்கால் வீங்குகிறதா? ஆமாம். எனக்கு வியப்பாகிவிட்டது, நான் சொல்லாததை ஒரு காகிதம் சொல்லியிருக்கிறது.

சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் ஒரு சுரப்பி (உடம்பின் உப்பையும் நீரையும் நிர்வகிக்கும் சாறுகளைச் சுரப்பது) கட்டுமீறி வேலை செய்தால் இப்படி ஆகும் என்றார். அதற்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன், காலை எழும்பியதிலிருந்து படுக்கும் வரை வாய்க்குள் போவதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். இடியப்பம், சொதி, சோறு, பருப்பு, கீரை, கொத்தமல்லித் தண்ணீர். எல்லாவற்றிலும் உப்புக் குறைவு என்று பெருமையோடு சேர்த்துக்கொண்டேன். வைத்தியர் எழுதிக்கொண்டே போனார். அவர் சந்தேகப்படும்படியாக ஒன்றும் இல்லை, எல்லாமே சாப்பாடு.

ரிஸ்வானா தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"நானா, கொடுப்புக்குள்ள ஈக்கிறதயும் சொல்லுங்களேன்."

வைத்தியருக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தார். அவர் பார்த்தபோது என் நாக்கு அந்தத் துண்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. போன மாதம் மருந்து எதுவும் பாவிப்பதில்லை என்று அவருக்குச் சொன்னபோதும் அது அங்கேதான் இருந்தது.

"என்ன அது?"

எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக் காட்டினேன். "வெல்மி டொக்டர்" என்று சிங்களப் பெயரைச் சொன்னேன். "அதிமதுரம். குளிர்ச்சி."

"எவ்வளவு காலமா?"

"வெத்தில விட்டதிலிருந்து. நாள் முழுக்க. இப்ப பிரஷருக்கு நல்லதெண்டு அவிச்சும் குடிக்கிறன்."

வைத்தியர் பேனையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, ஸ்கேன் பிறகு பார்க்கலாம் என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருளே, அளவு மீறி நாள்தோறும் உடம்பில் சேர்ந்தால், அந்தச் சுரப்பி கட்டுமீறி வேலை செய்வதுபோலச் சிறுநீரகத்தை நம்பவைத்துவிடுமாம். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். குழாய்க்குள் ஓட்டம் கூடும், அழுத்தம் ஏறும். நான் தட்டிலிருந்து உப்பைத் தள்ளிவைத்தேன். உள்ளே இருந்த உப்பைப் போகவிடாமல் என் கொடுப்பே காவல் காத்திருக்கிறது. பிரஷரைக் குறைக்க நான் குடித்த ஒவ்வொரு கோப்பையும் அதை ஏற்றியிருக்கிறது.

"விட்டா இறங்குமா?" என்று நான் கேட்கவில்லை. ரிஸ்வானா கேட்டாள். கண்ணைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"இறங்கலாம். கிழமைக் கணக்கில ஆகும். இறங்காமலும் போகலாம். பாப்பம்."

நான் பிறந்ததிலிருந்து விற்ற சரக்கு அது. கடைக்குத் திரும்பி அந்தச் சாக்கின் முன்னால் வெகு நேரம் நின்றேன். ஒன்றை எழுதிவிடுகிறேன்: அதிமதுரம் கெட்டதென்று வைத்தியர் சொல்லவில்லை. இருமலுக்கு இரண்டு நாள் குடிப்பவருக்கும் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டு வந்தாலும், "பிரஷர் ஈக்கிதா?" என்று விசாரித்த பிறகுதான் நிறுக்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

வாயைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கை தானாகச் சாக்குக்குள் போகும். தூசிக்கு முகக்கவசம் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு பேரம் பேச முடியவில்லை. ஒவ்வொரு காலையும் கருவியின் முன்னால் உட்காரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதலில் கால் பிடிப்பு நின்றது. பிறகு செருப்பு தளர்ந்தது. எண் மட்டும் பிடிவாதமாக நின்றது. ரிஸ்வானா டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் போன் பண்ணுவாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "இண்டைக்கு எவ்வளவு நானா?" என்று மட்டும் கேட்பாள். மழைக்காலம் தொடங்கிய நாட்களில் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. நூற்று ஐம்பதுக்குக் கீழே, பிறகு நூற்று நாற்பதுக்குக் கீழே. நான் அவளுக்குச் சொல்லப் பயந்தேன். சொன்னால் ஏறிவிடுமோ என்று.

கடைசிச் சோதனைக்கு ஒரு நாள் முழுவதும் கையில் கட்டிக்கொள்ளும் கருவியைத் தந்தார்கள். தூங்கினாலும் நடந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அது தானாக ஊதி அளந்து பதிந்துகொள்ளும். அசர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது அது என் கையை இறுக்கியது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் தொழுதவர் திடுக்கிட்டார். நான் அசையாமல் கிடந்தேன். இறுகிய பட்டிக்குள்ளே என் இரத்தம் தட்டியது. இத்தனை வயதுவரை அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தும், அது தட்டுவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

முடிவு வந்தது. மேலே நூற்று இருபத்தெட்டு. வைத்தியர் தலையாட்டினார். வெளியே வந்து போன் எடுத்து எண்ணைச் சொன்னேன். ரிஸ்வானா முதலில், "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள், பிறகு, "பழசு இல்லத்தானே?" என்றாள்.

என் இடது சிறுநீரகம் இப்போது அவளுடைய அடிவயிற்றில் வலப் பக்கத்தில் இருக்கிறது. பழைய இரண்டையும் எடுக்காமல் புதியதை அங்கேதான் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத இன்னொரு செய்தி. இயந்திரத்தின் தேவை அவளுக்கு இல்லாமல் போனது. பிரஷர் மாத்திரைகள் குறைந்தன, முழுதாக நிற்கவில்லை. எனக்கும் ஒற்றைச் சிறுநீரகம்தான். வருடா வருடம் பார்க்க வேண்டும், வயது போகப் போக ஏறவும் கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் கதையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பிரஷருக்கு இப்படி எடுத்து எறிந்துவிடக்கூடிய ஒரு காரணம் இருப்பது அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரைதான் வழி. நான் கேட்பது ஒன்றுதான்: வைத்தியர் கேட்கும்போது வாயில் இருப்பதையும் சொல்லுங்கள்.

போன மாதம் இருவரும் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போனோம். தாதி முதலில் ரிஸ்வானாவின் கையில் பட்டியைச் சுற்றினார். அவளுடைய முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறது. மற்றக் கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நானா, உங்கட ஆள் உள்ளுக்கு இருந்து வெல்மி கேக்குது. பழக்கம் போகல்ல."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேச வேணாம், பேசினா ஏறும்" என்றார் தாதி.

இருவரும் வாயை மூடிக்கொண்டோம். பட்டி இறுகியது. முன்பென்றால் அந்த அரை நிமிடத்தில் ஆயிரம் கதை பேசியிருப்பேன். அன்று அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டபடி காத்திருந்தேன். காற்று இறங்கத் தொடங்கியது. அவளுக்குள் என் உறுப்பின் வழியே ஓடும் இரத்தம் அந்தத் துணிக்குள் தட்டத் தொடங்கியபோது, பட்டி கட்டாத என் கையிலும் அது தட்டியது.